ரயில் துறையில் பொறியாளராக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும். ரயில்வேயில் பொறியாளராக வேண்டும் என்பது அவள் விருப்பம். "ரயில்வே இன்ஜினீயரிங் என்று தனிப்பட்டம் இருக்கிறதா? அதில் சேர்த்தால் வேலை உறுதியா? பெண் பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவருமா? பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகனுக்கு ஏதாவது வழி உண்டா?" என்பவை அவருடைய கேள்விகள். சிக்னல் துறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன் என்பதால், இந்தக் கேள்விகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். இளநிலைப் பட்டத்துக்கு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கு அடிப்படைப் பிரிவுகளில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ரயில் சார்ந்த சிறப்புப் படிப்பை அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம். பட்டத்தின் பெயரில் ரயில் என்ற சொல் இருக்கிறது என்பதற்காக எந்த அரசுத் தேர்வும் கூடுதல் மதிப்பெண் தருவதில்லை. ரயில்வே தேர்வு வாரியமான ஆர்.ஆர்.பி. ஜூனியர் இன்ஜினீயர் (ஜே.இ.) பணிக்கு அறிவிப்பு வெளியிடும்போது, ஒவ்வொரு பணிக்கும் எந்தப் பொறியியல் பிரிவு செல்லும் என்று அட்டவணை போட்டே சொல்லிவிடுகிறது. பாதைப் பராமரிப்புக்கு சிவில், சிக்னலுக்கு எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் வகையறா என்று அது போகும். சான்றிதழில் உள்ள பிரிவின் பெயர் அந்த அட்டவணைக்குள் வரவில்லையென்றால், எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். கவர்ச்சியான புதுப்பெயர்களில் பிரிவுகளைத் தொடங்கும் தனியார் கல்லூரிகளைப் பற்றி நான் பெற்றோர்களை எச்சரிப்பது இதனால்தான். சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன், கடைசியாக வந்த ஜே.இ. அறிவிப்பை எடுத்து, அந்தப் பட்டம் அதில் இடம்பெறுகிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் ரயில் படிப்புக்கென்றே பல்கலைக்கழகம் இல்லையா? இருக்கிறது. குஜராத்தின் வடோதராவில் 2018-ல் தேசிய ரயில் மற்றும் போக்குவரத்து நிறுவனம் என்ற பெயரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, அதை கதி சக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்தியப் பல்கலைக்கழகமாக மாற்றினார்கள். பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்கள் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும்போது, இது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. இங்கே சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை அடிப்படைப் பிரிவுகளாகவே இருக்கின்றன; ரயில் பொறியியல் அவற்றுக்குள் சிறப்புப் பாடமாக வருகிறது. அதாவது நான் மேலே சொன்ன சிக்கல் இங்கே எழாது. உங்கள் மகளுக்கு இங்கே இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: ரயில்வே அமைச்சகத்தின் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டால் ரயில்வே வேலை தானாக வந்துவிடாது. அரசுப் பணிக்கு மற்ற எல்லோரையும் போலத் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

படிப்பையும் வேலையையும் சேர்த்தே கொடுத்த ஒரு திட்டம் முன்பு இருந்தது. பெரியவர்கள் பலர் இன்றும் அதை நினைவில் வைத்து அறிவுரை சொல்வதால் குறிப்பிடுகிறேன். யு.பி.எஸ்.சி. நடத்திய சிறப்புப் பிரிவு ரயில்வே அப்ரென்டிஸ் தேர்வு அது, எஸ்.சி.ஆர்.ஏ. என்பார்கள். பிளஸ் டூ முடித்த மாணவர்களை எடுத்து, பீகாரின் ஜமால்பூரில் பயிற்சி கொடுத்து, மெக்கானிக்கல் துறை அதிகாரிகளாக ஆக்கினார்கள். 1927-ல் தொடங்கிய அந்த மரபு 2015 தேர்வோடு நின்றுபோனது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இனி, ரயில் பொறியியல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்விக்கு உங்கள் மகளே பதில் சொல்லிவிடுவாள்.

தண்டவாளத்திலிருந்தே தொடங்குகிறேன். முன்பெல்லாம் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, மீன்தட்டு என்ற இணைப்புத் தகடு வைத்து இணைத்தார்கள். கோடையில் இரும்பு நீள இடம் வேண்டும் என்று காரணம் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இன்று முக்கியப் பாதைகளில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள்தாம் இருக்கின்றன, இடைவெளி கிடையாது. அப்படியானால் வெயிலில் என்ன ஆகிறது? ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 7,686 சதுர மில்லிமீட்டர். எஃகின் விரிவுக் கெழுவையும் யங் குணகத்தையும் போட்டுப் பெருக்கினால், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறும்போது அந்த ஒற்றைத் தண்டவாளத்துக்குள் 1.8 டன்னுக்குச் சற்று மேலான அழுத்து விசை சேர்கிறது. பொருத்திய நாளின் வெப்பநிலையைவிட 30 டிகிரி கூடினால் 55 டன். நீள வழியில்லாமல் அடைபட்டிருக்கும் இந்த விசையைப் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்து வைத்திருப்பவை தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பரும், கிளிப்பும், அடியிலும் ஓரத்திலும் கொட்டியிருக்கும் ஜல்லியும்தான். சித்திரை வெயிலில் ஜல்லியைத் தோண்டி வேலை செய்யக் கூடாது என்று பாதைப் பொறியாளர் கறாராக நிற்பதற்கும், கோடை மதியங்களில் ரோந்து போடுவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்த பெண் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு இது பிடித்திருந்தால் சிவில் பிரிவு அவளுக்கானது.

அடுத்தது என் துறை. ஒரு பாதையில் ரயில் நிற்கிறதா என்று சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது? பாதையின் ஒரு பகுதியைக் காப்பிட்டுப் பிரித்து, ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறைந்த மின்னழுத்தம் கொடுக்கிறோம். மறுமுனையில் ஒரு ரிலே, அதாவது மின்காந்த சுவிட்ச், இருக்கிறது. பாதை காலியாக இருந்தால் மின்சாரம் தண்டவாளங்கள் வழியே போய் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும்; ரிலேவுக்கு மின்சாரம் போகாது; அது விழும்; சிக்னல் சிவப்பாகும். இதுவரை எளிது. இதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது. தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். எது கெட்டாலும் சிவப்புதான் வரும். கோளாறு எப்போதும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்ற இந்தக் கொள்கைதான் சிக்னல் பொறியியலின் உயிர். இன்று, பாதையைப் பிரித்துவிடும் பாயின்ட்டும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் கணினிவழி இன்டர்லாக்கிங்கும், அச்சுகளை எண்ணும் கருவிகளும், கவச் என்ற தானியங்கி ரயில் பாதுகாப்பு முறையும் வந்துவிட்டன. அவற்றின் மென்பொருளையும் மின்சுற்றையும் இதே கொள்கையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

அந்தக் கொள்கையைச் சுற்றியுள்ள ஒழுங்கை மீறினால் என்ன நடக்கும் என்பதை 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் பார்த்தோம். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதையில் செல்ல சிக்னல் கிடைத்தது. ஆனால் பாயின்ட் பக்கவாட்டு லூப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு ஒருமுறை செய்யப்பட்ட சிக்னல் மின்சுற்று மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. எந்தக் கம்பி எந்த முனையில் போகிறது என்ற அளவிலான விஷயம் அது. சுற்று வரைபடத்தில் ஒரு மாற்றம் செய்தால் அது கையெழுத்தோடு பதிவாக வேண்டும். சோதித்து முடித்த பிறகுதான் இணைக்க வேண்டும். இணைப்பைத் துண்டிக்கும்போதும் மீண்டும் கொடுக்கும்போதும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். இவற்றை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். மாணவர்கள் சலித்துக்கொண்டாலும் சொல்வேன். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்பதற்காக விட்டுவிடக்கூடிய பாடமல்ல இது.

மெக்கானிக்கலும் எலெக்ட்ரிகலும் இன்று பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் உருவான ரயில்தான் பிறகு வந்தே பாரத் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. அதில் தனி இன்ஜின் கிடையாது. இழுவை மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியிலேயே பரவியிருக்கின்றன. அதனால் பெட்டி என்பது வெறும் இரும்புக்கூடு என்ற நிலை போய்விட்டது. சக்கரங்களைத் தாங்கும் சட்டகமான போகி, பிரேக், மின்மாற்றி, கட்டுப்பாட்டு மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். அகல ரயில் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டதால், டீசல் என்ஜினை நம்பி வளர்ந்த மெக்கானிக்கல் வேலைகளின் தன்மையும் மாறிவிட்டது. இன்று மெக்கானிக்கல் எடுக்கும் மாணவர் பவர் எலெக்ட்ரானிக்ஸில் இரண்டு பாடமாவது விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்வது நல்லது.

நான்கு பிரிவுகளும் ஒரே இடத்தில் சேருவதைப் பார்க்க வேண்டுமானால் மகளை ஒருமுறை பாம்பனுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கப்பல்களுக்கு வழிவிட 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலே போகிறது. கடல் உப்பைத் தாங்கும் அடித்தளமும் எஃகுக் கட்டமைப்பும் சிவில். தூக்கும் கயிறுகளும் எதிர்எடையும் மெக்கானிக்கல். மோட்டார்களும் மின்னூட்டமும் எலெக்ட்ரிகல். அந்தப் பகுதி சரியாக அமர்ந்து பூட்டிக்கொள்ளும்வரை எந்த ரயிலுக்கும் சிக்னல் விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வேலை. கல்லூரியில் இவற்றுக்கு நான்கு தனிக் கட்டடங்கள் இருக்கும். சிவில் மாணவர்களுக்கு ரயில்வே என்பது நெடுஞ்சாலையோடு ஒட்டிவரும் ஒரு பாடம். மற்றப் பிரிவுகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை. நம் கல்லூரிக் கல்வியின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். பாடத்திட்டம் திருந்தும்வரை காத்திராமல், மாணவர்களே இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன்.

அதிகம் பேர் நுழையும் வாசல் ஆர்.ஆர்.பி. ஜே.இ. தேர்வு. பொறியியல் பட்டம் பெற்றவர்களும் டிப்ளமோ முடித்தவர்களும் எழுதலாம். முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள்: கணிதம், பகுத்தறிதல், பொது அறிவு, பொது அறிவியல். இரண்டாம் கட்டத்தில் 150 கேள்விகள். அவற்றில் 100 உங்கள் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். தமிழிலும் எழுதலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் ₹35,400-ல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. முதல் கட்டத்தைத் தாண்டுகிறவர்களில் பலர் இரண்டாம் கட்டத்தில் சறுக்குவதற்குக் காரணம், கல்லூரியில் படித்ததைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதுதான். பகுத்தறிதல் கணக்குகளுக்குப் பயிற்சி நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் உட்காருவதைவிட, கல்லூரி நாட்களிலேயே சொந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிப்பது இந்தத் தேர்வுக்குக் கைகொடுக்கும்.

ஜே.இ. வேலை எப்படிப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பாதைப் பிரிவில் சேர்ந்தால் தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். கீமேன்கள், பாதைப் பராமரிப்பாளர்கள் என்று உங்களைவிட வயதில் மூத்த, அனுபவத்தில் பெரிய தொழிலாளர்களை வைத்து வேலை வாங்க வேண்டும். பெரிய வேலைகளுக்கு ரயில்களை நிறுத்தி பிளாக் கொடுப்பது பெரும்பாலும் இரவில்தான். மூன்று மணி நேரம் என்று வாங்கிய பிளாக்கில் பாதையைப் பிரித்து, மாற்றி, மீண்டும் பூட்டி, ரயில் போகத் தகுதியானது என்று கையெழுத்துப் போட வேண்டும். சிக்னல் பிரிவில் நள்ளிரவில் பாயின்ட் பழுது என்று அழைப்பு வந்தால் மழையோ புயலோ கிளம்ப வேண்டும். தொழிற்சாலை, பணிமனை, லோகோ ஷெட் வேலைகளில் ஷிப்ட் உண்டு. ஆனால் வாழ்க்கை ஓரளவு ஒழுங்காக இருக்கும். இதைப் படித்துவிட்டு உங்கள் மகள் முகம் சுளித்தால், அவளுக்கு வடிவமைப்பு அலுவலக வேலை பொருந்தும். கண்கள் விரிந்தால், களப்பணிக்குத் தயாரானவள்.

பெண்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். லோகோ பைலட்டிலிருந்து ரயில்வே வாரியத் தலைவர் வரை பெண்கள் பொறுப்பு வகித்துவிட்டார்கள். ஜெயா வர்மா சின்ஹா 2023 செப்டம்பரில் வாரியத்தின் முதல் பெண் தலைவரானார். பணியில் சேர எந்தத் தடையும் இல்லை. நடைமுறைச் சிரமங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சிறு நிலையங்களில் ஓய்வறை, கழிப்பறை வசதி இன்னும் போதாது. இரவு அழைப்புகளில் வாகன வசதிக்கு மேலதிகாரியிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கும். இவை சரிசெய்யக்கூடிய குறைகள். பெண்கள் கூடுதலாக வரவர வேகமாகச் சரியாகும். என்னிடம் படித்த பெண்களில் சிலர் இன்று சிக்னல் பராமரிப்பில் இருக்கிறார்கள். சோதனைப் பதிவேடுகளை அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கை நான் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

அதிகாரி நிலைக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு. இங்கே சில ஆண்டுகளாக நிறையக் குழப்பம் நடந்தது. அதைப் புரிந்துகொள்வது அவசியம். ரயில்வேயில் பொறியாளர், கணக்கர், போக்குவரத்து, பணியாளர் எனத் தனித்தனியாக இருந்த எட்டு அதிகாரிப் பணிகளை ஒன்றாக்கி, இந்திய ரயில்வே மேலாண்மைப் பணி என்று மாற்ற 2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. பிறகு அந்தப் பணிக்குச் சிவில் சர்வீஸ் தேர்வு மூலமே ஆள் எடுத்தார்கள். பாலமும் சிக்னலும் பார்க்க வேண்டிய இடத்துக்குப் பொறியாளர்கள் கிடைக்காமல் போகும் நிலை வந்தது. 2024-ல் முடிவை மாற்றி, பொறியியல் பணித் தேர்வு மூலமும் எடுக்க அனுமதித்தார்கள். 2025 தேர்விலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பொறியாளர் வேலையைப் பொறியியல் தேர்வின் வழியே நிரப்புவதுதான் முறை. அந்தத் திருத்தத்தை நான் மனமார வரவேற்றவன். இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 21 முதல் 30. இதற்குப் படிக்கும் படிப்பு முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கும் ஏறத்தாழ பயன்படும். தேறியவர்களுக்குத் துறைப் பயிற்சி கொடுக்கவென்றே சிவிலுக்கு புனே, சிக்னலுக்கு செகந்திராபாத், எலெக்ட்ரிகலுக்கு நாசிக், மெக்கானிக்கலுக்கு ஜமால்பூர் என்று ரயில்வேயின் சொந்தப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. உண்மையான ரயில் பொறியியல் பல்கலைக்கழகம் இந்த நான்கும்தான் என்று சொன்னால் மிகையாகாது. அவற்றின் கையேடுகளில் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர்கள் யாரும் எடுத்துப் படிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெற்றோர்கள் பெரும்பாலும் கவனிக்காத வாசல் தனியார் துறை. முன்பு ரயில்வே என்றால் அரசு மட்டும்தான். இன்று பெட்டி, என்ஜின், சிக்னல், மின்னூட்டம், பாதை எல்லாவற்றிலும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அல்ஸ்டாமுக்குக் கோயம்புத்தூரில் இழுவைக் கருவிகள் தயாரிக்கும் ஆலையும், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டியில் மெட்ரோ பெட்டித் தொழிற்சாலையும் இருக்கின்றன. சீமென்ஸ் குஜராத்தின் தாஹோத்தில் 9,000 குதிரைத்திறன் மின் என்ஜின்களைத் தயாரிக்கிறது. பெங்களூரில் பி.இ.எம்.எல்., ஹைதராபாத்தில் மேதா, கவச் கருவிகளில் எச்.பி.எல்., கெர்னெக்ஸ் என்று பட்டியல் நீளும். பெங்களூரில் உட்கார்ந்து ஐரோப்பிய ரயில் பாதைகளுக்கு சிக்னல் வடிவமைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல் படித்தவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. ஆனால் நேர்முகத்தில் நிரல் எழுதத் தெரியுமா என்பதோடு நிறுத்த மாட்டார்கள். மிக உயர்ந்த பாதுகாப்புத் தரமான பாதுகாப்பு ஒருமைப்பாட்டு நிலை நான்கு (எஸ்.ஐ.எல். 4) என்றால் என்ன, ஒரு கோளாறு நேர்ந்தால் அமைப்பு எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள். ஐரோப்பியத் தரநிலைகளான இ.என். 50126, 50128, 50129 ஆகியவற்றைப் பெயரளவுக்காவது தெரிந்து வைத்திருக்கும் புதுப் பட்டதாரியை அவர்கள் எளிதில் விடுவதில்லை. கவச் பாடத்தைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்ல செகந்திராபாத் சிக்னல் பயிற்சி நிறுவனம் சில பொறியியல் கல்லூரிகளோடு ஒப்பந்தமும் செய்திருக்கிறது. உங்கள் மகள் சேரும் கல்லூரியில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மெட்ரோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை மெட்ரோவின் முதல் பகுதி 2015 ஜூனில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டருக்குப் பணி நடக்கிறது. அதில் ஓட்டுநரில்லா ரயில்கள் வருகின்றன. சென்னை மெட்ரோவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து மெட்ரோ ரயில் தொழில்நுட்பத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ நடத்தியிருக்கின்றன. கேட் மதிப்பெண் வைத்துச் சேர்த்து, முடிப்பவர்களை உதவி மேலாளர்களாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அறிவிப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: மெட்ரோக்களில் இயக்கமும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனங்களிடம் போவது கூடிக்கொண்டு வருகிறது. வேலைக் கடிதம் யார் பெயரில் வருகிறது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மெட்ரோ வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஓராண்டில் ஒப்பந்தம் முடிந்து திரும்பிவந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு போக வசதி இருந்தால் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ரயில் ஆய்வு மையம் நல்ல பெயர் பெற்றது. ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து அறிவியலுக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. உள்நாட்டில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் ரயில் ஆய்வு மையம் உண்டு. வெளிநாடு போவதாக இருந்தால், இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவதுதான் பயன் தரும். களத்தில் ஒரு பாயின்ட் மெஷினைத் திறந்து பார்க்காமல் அமைப்பு ஒருங்கிணைப்பு பற்றிப் படிப்பது, சமையலறைப் பக்கமே போகாதவர் விருந்துக்குப் பட்டியல் எழுதுவது மாதிரி ஆகிவிடும்.

கல்லூரியின் நான்கு ஆண்டுகளில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். விடுமுறைப் பயிற்சிக்கு ஐ.சி.எஃப்., திருச்சி பொன்மலைப் பணிமனை, போத்தனூர் சிக்னல் பணிமனை, அரக்கோணம் பொறியியல் பணிமனை ஆகியவற்றில் ஒன்றுக்குக் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே போய் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. ஒரு போகியை எப்படி அவிழ்த்துக் கோக்கிறார்கள் என்று முழுநாளும் நின்று பார்க்க வேண்டும். இறுதியாண்டுத் திட்டத்துக்கு ரயில் சார்ந்த சிறு சிக்கலை எடுத்துக்கொள்ளட்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விற்கும் ஆயத்த மாதிரிகளை வாங்கிச் சமர்ப்பிக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இந்தி கொஞ்சம் பேசத் தெரிந்தால் நல்லது, ஜே.இ. பணியிடம் கிடைக்கும் மண்டலம் எதுவாகவும் இருக்கலாம்.

கண் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். ரயில் ஓட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள பணிகளுக்கு நிறப்பார்வை கட்டாயம். சிவப்பு பச்சை வேறுபாடு முழுமையாகத் தெரியாதவர் தேர்வில் முதலிடம் வந்தாலும் அந்தப் பணிகளில் சேர முடியாது. மருத்துவத் தகுதியில் தோற்றால் மாற்றுப் பணியும் தரமாட்டார்கள். தேர்வெழுதி, தேறி, கடைசிக் கட்டத்தில் இதைத் தெரிந்துகொண்டு உடைந்துபோன பிள்ளைகளைப் பார்ப்பது கொடுமை. மருத்துவரிடம் நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகம் இருந்தால் பத்து நிமிட வேலை.

பணம் கொடுத்தால் ரயில்வே வேலை வாங்கித் தருகிறோம் என்று யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள். 2022-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரிடம் ஏறத்தாழ ₹2.67 கோடி பறித்துக்கொண்டு, பயிற்சி என்ற பெயரில் அவர்களை டெல்லி ரயில் நிலையத்தில் உட்காரவைத்து வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். ஒரு மாதம் எண்ணிய பிறகே ஏமாந்தது தெரிந்தது. படித்த பிள்ளைகள் அவர்களிலும் இருந்தார்கள். ஆர்.ஆர்.பி.யின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வராத அறிவிப்பு எதுவும் அறிவிப்பே அல்ல.

உங்கள் தங்கை மகனுக்கு வருகிறேன். டிப்ளமோவை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் ஜே.இ. தேர்வுக்கு அவனும் பட்டதாரிகளுக்குச் சமமாகவே உட்காரலாம். இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கலாம். பாலிடெக்னிக்கின் கடைசி ஆண்டிலிருந்தே இரண்டாம் கட்டத் தேர்வின் தொழில்நுட்பப் பகுதிக்குப் படிக்கட்டும். ஓட்டுநர் பணியில் ஆர்வம் இருந்தால் உதவி லோகோ பைலட் தேர்வுக்கும் உரிய பிரிவில் டிப்ளமோ போதும். தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹19,900. அதற்குக் கண்ணாடியில்லாமல் இரு கண்ணிலும் முழுப் பார்வை வேண்டும். லேசிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் எடுக்க மாட்டார்கள். ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் உறவில் யாராவது இருந்தால், ரயில்வே பணிமனைகளில் அப்ரென்டிஸ் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 எனப்படும் அடிமட்டப் பணிகளில் 20 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவையுங்கள். ஐ.சி.எஃப். அறிவிப்பு வந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். மகள் கலந்தாய்வில் என்ன பிரிவு, எந்தக் கல்லூரி என்ற கட்டம் வந்ததும் மீண்டும் எழுதுங்கள். கட்ஆஃப் மதிப்பெண்ணோடு எழுதினால் கல்லூரி வாரியாகவே சொல்கிறேன்.